காரியஸ்தருக்கு மட்டும் தெரிந்த சேதி

அத்தியாயம் 17

போன வார அத்தியாயத்தில், நேற்று சாயங்காலம் வைதேஹி காபி டம்ளரோடு மாடியறைக்குள் நுழைந்ததும் பிரஹலாத் லேப்டாப்பைப் படக்கென்று மூடினான் இல்லையா? இன்று விடிந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு முடித்த பிறகும் அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஹம்ஸாவோடு பேசிக்கொண்டிருந்தான் என்று வைத்துக்கொள்ள முடியாது. மருமகள் அப்போது கீழே கூடத்தில் தாம்பூலப் பைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் வேலையாக இருந்தால் மூட வேண்டிய அவசியமே இல்லை. அம்மாவுக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாது என்று அவனுக்கே தெரியும். பின்னே எதை மூடினான்?

வைதேஹி பௌதிக டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். பரீட்சை ஹாலில் பிட் வைத்திருக்கும் பையனை அவன் முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவாள். பெற்ற பிள்ளையின் முதுகு மட்டும் தெரியாதா என்ன?

நாளைக் காலை மண்டபத்தில் நாந்தி, கல்யாணத்துக்கு முன்னால் பித்ருக்களை வணங்கி ஆரம்பிக்கிற சடங்கு. மறுநாள் மகள் மேகனாவுக்கு முகூர்த்தம். இதே கல்யாணம் ஆவணியிலேயே நடந்திருக்க வேண்டியது. பத்திரிகை கொடுத்து முடித்த சமயம் பார்த்து ஒரு பங்காளி போய்ச் சேர்ந்தார். பத்து நாள் தீட்டு, முகூர்த்தம் அம்பேல். கூறைப் புடவையை மடித்து பீரோவில் வைத்த மேகனா அன்றைக்கு அழக்கூட இல்லை. அழுதிருந்தால் வைதேஹிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மன்னார்புரம் சம்பந்தி மாமி அப்போதே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை தள்ளிப்போனால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளை அதற்குள் ஜெர்மனிக்கு ஏறினால் திரும்ப ரெண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் நாங்கள் காத்திருக்க முடியாது என்று. மாமி சொன்னால் சொன்னதுதான்.

அதனால்தான் இந்தத் தடவை எல்லாம் கச்சிதமாக நடக்க வேண்டும் என்று பிரஹலாத் வேலையில் இறங்கினான். அவன் திருச்சி கே.கே. நகரில் தன் ஃபிளாட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு உழைக்கிறவன். தனித்தனியாகக் கிடக்கும் சாஃப்ட்வேர்களை ஒன்றோடொன்று கோத்து, நடுவில் ஒரு ஏஐயை உட்கார்த்தி, மனுஷக் கை படாமலே காரியம் நடக்கும்படி செய்வது அவன் உத்தியோகம். தங்கை கல்யாணத்துக்கும் அப்படி ஒன்றைக் கோத்துக் கொடுத்தான்.

சொந்தபந்தம் அத்தனைக்கும் ஒரே வாட்ஸப் நம்பர். யார் கூப்பிட்டாலும் அங்கேதான் போகும். வருகிற செய்தியை ஒன்று படிக்கும். வருகிறார்களா, வரவில்லையா, ஏதாவது கேட்கிறார்களா என்று ஏஐ தீர்மானிக்கும். அந்தத் தீர்மானத்தை வாங்கி அடுத்தது இலைக்கணக்கை மாற்றும், அதற்கடுத்தது வண்டிக்குச் சொல்லும், இன்னொன்று மண்டபத்து ரூமுக்குச் சொல்லும். கடைசியாக இருப்பது மரியாதையாக ஒரு பதில் எழுதி அனுப்பிவிடும்.

வைதேஹியின் அகத்துக்காரர் அழகியமணவாளன் இதற்குக் காரியஸ்தர் என்று பெயர் வைத்தார். பெயரைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், வைதேஹியைத் தவிர. முகமே இல்லாத ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி அவளுக்கு இருந்தது. ஏகாதசிக்கு உபவாசம் இருப்போம் என்று அத்தை மகளான ஒரு அத்தங்கார் செய்தி போட, காரியஸ்தர் அவள் குடும்பத்தையே சாப்பாட்டுக் கணக்கிலிருந்து தூக்கியது வேறு கதை. அதைச் சரிபண்ணிவிட்டதாக பிரஹலாத் சொன்னான். அவளுக்குச் சந்தேகம் போகவில்லை.

பாத்திரங்களை மண்டபத்துக்கு ஏற்றிப்போக நல்லதம்பி வேனோடு வந்தபோது மணி எட்டு இருக்கும். அண்டாவைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாக ஒன்று கேட்டான்.

"திருவெள்ளறை ட்ரிப்பை கேன்சல் பண்ணிட்டீங்களேம்மா, அந்தப் பெரியவரு வேற வண்டில வராருங்களா?"

"யார் கேன்சல் பண்ணினா?"

"உங்க நம்பர்லேருந்துதாம்மா மெசேஜ் வந்துச்சு. நேத்து சாயங்காலம். நான் அந்த வண்டிய வேற சவாரிக்கு விட்டுட்டேன். வேணும்னா சொல்லுங்க, பாத்து ஏற்பாடு பண்றேன்."

வைதேஹி அப்புறம் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டாள். திருவெள்ளறைப் பெரியவர் என்றால் வடிவழகியநம்பி. அவள் அகத்துக்காரருடைய பெரியப்பா பிள்ளை. சின்ன வயசில் அப்பாவை இழந்த அழகியமணவாளனை சைக்கிள் பாரில் உட்கார வைத்து, திருவெள்ளறையிலிருந்து ஸ்ரீரங்கத்து ஸ்கூலுக்கு மிதித்தவர் நம்பி அண்ணாதான். கார்த்திகை முதல் படுக்கையும் எழுந்திருப்புமாக இருக்கிறார். என்னைத் தூக்கிக்கொண்டு வந்தாவது மேகனா கல்யாணத்தில் உட்கார்த்துங்கள் என்று சொன்ன மனுஷர்.

மண்டபத்து மேனேஜரைக் கூப்பிட்டாள். அவருக்காக ஒதுக்கிய கீழ் ரூமையும் வேறு யாருக்கோ கொடுத்தாயிற்றாம். வாடகைக்குச் சொல்லியிருந்த சக்கர நாற்காலியும் வேண்டாமென்று செய்தி போயிருக்கிறதாம். ஒன்று தப்பினால் மறதி. மூன்றும் சேர்ந்து தப்பினால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

அவள் புத்தி நேரே ஹம்ஸாவிடம் போயிற்று. காரணம் இருந்தது. போன வருஷம் ஸ்ரீஜயந்தியன்று, பந்தியில் அத்தனை பேர் இருக்க, ஹம்ஸா பண்ணின சாத்தமுதை, அதாவது ரசத்தை, சாதத்தோடு நம்பி அண்ணா இலையோரத்துக்குத் தள்ளிவிட்டு, மோர் கொண்டுவரச் சொன்னார். ஹம்ஸா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேசாதவர்களை வைதேஹி எப்போதும் ஒரு கண் வைத்தே பார்ப்பாள்.

சமையலறையில் பட்சண டின்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தவளிடம் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். நம்பி அண்ணா வரக் கூடாதென்று அவள்தான் ஏதாவது தட்டிவிட்டாளா என்று.

ஹம்ஸா கையிலிருந்த டேப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கீழ் ரூம் வேணும், அவரால மாடி ஏற முடியாதுன்னு மேனேஜர்கிட்ட சண்டை போட்டு வாங்கினதே நான்தாம்மா. அந்த நாற்காலியும் நான் சொன்னதுதான். நீங்க என்னை இப்படி நினைப்பேள்னு எனக்குத் தோணலை."

வைதேஹிக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. வெட்கமாக இருந்தது. தப்பும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சந்தேகம் பிடித்தவளுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட நேரம் இருப்பதில்லை. இவள் இல்லையென்றால் அவன்தான் என்று ஆட்டோ பிடித்து மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

பிரஹலாத் மேடைக்குப் பக்கத்தில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். அம்மா நடந்து வரும் தோரணையைப் பார்த்ததும் அவரை அனுப்பிவிட்டு, சாமான் அறைப் பக்கம் ஒதுங்கினான். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டான். பொய் சொல்லப்போகும்போது அவன் அப்படித்தான் செய்வான்.

"நேத்து எதைப் பாத்துண்டு இருந்தே?"

கல்யாண வேலை என்றான். என்ன வேலை என்றாள். கணக்கு என்றான். அப்படியானால் காரியஸ்தர் எதற்காக ஒரு வண்டியையும் ஒரு ரூமையும் ரத்து பண்ணினார், அதுவும் யாருக்காக வைத்த வண்டி தெரியுமா என்று அவள் ஆரம்பித்தாள்.

பெயர் அவள் வாயில் வருவதற்குள் பிரஹலாத் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். வளர்ந்த ஆண்பிள்ளை, அப்பாவாகப் போகிறவன், அண்டா குண்டாக்களுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"யாருன்னு சொல்லாதேம்மா. எனக்குத் தெரிய வேண்டாம். நாளைக்கு நாந்தி ஆனப்புறம் நானே உக்காந்து எல்லாத்தையும் பாக்கறேன். அதுவரைக்கும் நீயும் யாரையும் ஒண்ணும் கேக்காதே."

நாந்தி ஆனப்புறம்.

இந்த ஒரு வார்த்தையில் வைதேஹிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வீட்டில் நாந்திக்கு முன்பு ஒரு மாதிரியும் நாந்திக்குப் பின்பு ஒரு மாதிரியும் ஆகக்கூடிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். நாந்திக்கு முன்னால் பங்காளி சாவு காதில் விழுந்தால் பத்து நாள் தீட்டு, கல்யாணம் நின்றுவிடும். நாந்தி ஆகிவிட்டால் அந்தத் தீட்டு கல்யாணத்தைத் தொடாது. நடுவில் ஒரே ஒரு சலுகை உண்டு. காதில் விழாத வரைக்கும் தீட்டு இல்லை. கல்யாண வீட்டுக்குச் சேதி சொல்லாமல் ஊரே வாயை மூடிக்கொள்வது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளும் பொறுப்பை மெஷினிடம் கொடுத்திருக்கிறார்கள்.

பிரஹலாத் பாதி சொல்லியும் பாதி விழுங்கியும் ஒப்புக்கொண்டான். படிக்கிறதுக்கும் சொல்கிறதுக்கும் நடுவில் இன்னொரு கண்ணியைக் கோத்திருக்கிறான். அந்த மாதிரிச் சேதி வந்தால் ஏஐ அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடும். வீட்டில் ஒருத்தருக்கும் காட்டாது, அவன் உட்பட. நாளை நாந்தி நேரம் தாண்டித்தான் பூட்டு திறக்கும். நேற்று சாயங்காலம் பெட்டிக்குள் ஒன்று விழுந்திருப்பதாக அடையாளம் காட்டியது. யார், என்ன என்று அவன் பார்க்கவில்லை. பார்த்தால் அவனுக்கும் தீட்டு, அவன்தான் நாளைக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவன்.

காதைக் கட்டியவன் கையைக் கட்ட மறந்துவிட்டான். சேதி பூட்டுக்குள் போனாலும், பின்னால் கோத்திருந்த மற்ற கண்ணிகள் தங்கள் வேலையைத் தவறாமல் செய்தன. வர முடியாதவருக்கு வண்டி எதற்கு, ரூம் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டன. பிரஹலாதுக்குச் சாவு வந்தது தெரியும், யாரென்று தெரியாது. வைதேஹிக்கு யாரென்று தெரியும், சாவென்று யாரும் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு தாயும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"உங்கப்பா ஆசாரத்துக்காக உசிரைக் கொடுக்கறவர். அவரை ஏமாத்தலாம்னு உனக்கு எப்படிடா மனசு வந்தது?"

"நானா வைக்கலைம்மா. வைக்கச் சொன்னா, வெச்சேன்."

"யார் சொன்னா?"

பந்தல்காரர் கூப்பிடுகிறார் என்று நழுவிவிட்டான். பந்தல்காரர் கூப்பிடவேயில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது வைதேஹியின் சந்தேகம் மேகனாவின் மேல் போய் உட்கார்ந்தது. ஏன் இருக்கக் கூடாது? ஆவணியில் அழாத பெண். அண்ணனிடம் கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டான் என்று தெரிந்தவள். அவளாகவே இருந்தால் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது என்றும் தோன்றியது. நம்பி அண்ணாவை நினைத்து அழுகை முட்டியது. அழக் கூடாது. யாராவது ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

வீட்டில் மேகனா மருதாணிக் கைகளை நீட்டிக்கொண்டு ஃபேனுக்கடியில் தூங்கிப்போயிருந்தாள். முகத்தில் கள்ளமே இல்லை. அவளையும் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வைதேஹிக்கு இருந்தது.

உள்ளறையில் அழகியமணவாளன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்த நாளிலும் சரி, ரிட்டயர் ஆன பிறகும் சரி, இந்த நேரத்துக்கு அவர் பெருமாள் சன்னதி கோஷ்டியில் நின்று பாசுரம் சேவித்துக்கொண்டிருப்பார். ஜுரம் வந்தாலும் போவார். இன்று வேஷ்டிகூட மாற்றவில்லை.

ஏன் போகவில்லை, கால் வலியா என்று கேட்டாள். அப்படியே வைத்துக்கொள் என்றார். சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"பிரஹலாதன்கிட்ட நான்தான் சொன்னேன். நாந்தி ஆறவரைக்கும் என் காதுல எதுவும் விழப்படாதுன்னு. குழந்தை இன்னொரு தரம் புடவையை மடிச்சு வைக்கறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லை."

வைதேஹி கதவைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் தீட்டு சொல்லுகிற மனுஷர். அவளுடைய சந்தேகக் கணக்கில் இவர் பெயர் கடைசியில்கூட இல்லை.

"அப்போ கோஷ்டிக்குப் போயிருக்கலாமே? உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நேத்து சாயங்காலத்துலேருந்து அந்தப் பையன் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறான். சந்தேகத்தை வெச்சுண்டு பெருமாளுக்கு முன்னாடி போய் நிக்க எனக்குத் தைரியம் இல்லை, வைதேஹி. அதான் போகலை."

அவள் பக்கத்தில் போய் உட்கார நினைத்தாள். உட்கார்ந்தால் நம்பி அண்ணா பெயர் வாயிலிருந்து விழுந்துவிடும் என்று பயந்து, குடிக்கத் தீர்த்தம் கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பழைய டி.வி.எஸ். ஒன்றைச் சாய்த்துப் போட்டுவிட்டு, தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான் வீரமலை. திருவெள்ளறையில் நம்பி அண்ணாவின் வயலைக் குத்தகைக்குப் பார்க்கிறவன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

வைதேஹி ஓட்டமாக இறங்கிப் போய், வாயில் விரலை வைத்துக் காட்டி, அவனைக் கேட்டுக்கு வெளியே நகர்த்தினாள். கல்யாண வீடு, எதுவானாலும் நாளைக்குச் சொல்லு, இப்போது போய்விடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

அவன் நகரவில்லை.

"எனக்கும் முறை தெரியும்ங்கம்மா. எங்க பெரியசாமி மகன் ரகுராம் தம்பிகூட கல்யாண வீடு, சொல்ல வேணாம்னுதான் இருந்தாரு. பெரியசாமி கடைசியா வாயைத் திறந்து கேட்டது, மணவாளன் வந்துட்டானான்னுதாங்க. அதுக்கப்புறம் தம்பிக்கு மனசு கேக்கலை. சித்தப்பா வருவாங்களா, காத்திருக்கலாமான்னு உங்க நம்பருக்குக் கேட்டாரு."

"கேட்டு?"

"உடனே பதில் வந்திருச்சுங்களே. கட்டாயம் வருகிறோம், காத்திருங்கன்னு. அதை நம்பி ராவெல்லாம் வெச்சிருந்தோம். இப்பவும் எடுக்கலைங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும்னு காரியம் பண்ணி வைக்கிற வாத்தியாரு சொல்றாரு. போன் பண்ணினா போக மாட்டேங்குது. அதான் என்னை அனுப்பினாங்க."

வைதேஹிக்குக் காது அடைத்துப்போயிற்று. ஆனால் விழவேண்டியது விழுந்துவிட்டது. யார் எது கேட்டாலும் மரியாதையாகப் பதில் சொல்லக் கோத்து வைத்த கடைசிக் கண்ணி, சாவு வீட்டுக்கும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறது. தம்பி வருவான் என்று ஒரு கிராமமே உட்கார்ந்திருக்கிறது. தம்பியோ ஒன்றும் தெரியாமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

கோபம் யார் மேல் வருவதென்றே தெரியவில்லை. மெஷின் மேலா, அதைக் கோத்த பிள்ளை மேலா, கோக்கச் சொன்ன அகத்துக்காரர் மேலா? இல்லை, இத்தனைக்குப் பிறகும் இவன் போய்த் தொலையமாட்டானா, நாந்தி நல்லபடியாக முடியாதா என்று நினைத்துக்கொண்டு நிற்கிற தன் மேலேயா?

"நீ போ வீரமலை. அவர் ஊர்ல இல்லைன்னு சொல்லிடு," என்றாள். அவள் வாய்தான் சொன்னது. அவளாலேயே நம்ப முடியவில்லை.

"வீரமலைதானே அது?"

அழகியமணவாளன் நிலைப்படிக்கு வந்துவிட்டிருந்தார். வீரமலை அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஒண்ணும் சொல்லாதே. நான் கேக்கறதுக்கு மட்டும் தலையை ஆட்டு. அங்கே யாராவது எனக்காகக் காத்திண்டிருக்காளா?"

வீரமலை வைதேஹியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று கண்ணால் மன்றாடினாள். உள்ளே மேகனா புரண்டு படுக்கும் வளையல் சத்தம் கேட்டது.

வீரமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

அழகியமணவாளன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வைதேஹி, என் செருப்பு எங்கே?"

செருப்பு, கேட்டுக்குள் வந்து வழி மறித்து நின்ற அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. அவள் நகரவில்லை.